விலையில்லாப் புத்தகமும் வாசகர் கடனும்

புத்தகம் ஒன்று விலையின்றிக் கைக்கு வருமாயின், அதனைப் பெற்றுப் படிப்போர்க்குக் கடன் ஏதேனும் உண்டோ, இல்லையோ? இக்கேள்வி இந்நாட்டில் நமக்கு முன்னிருந்த தமிழர்க்கு எழவில்லை. அவர்கட்குப் புத்தகமே அரும்பொருளாயிருந்தது. தோட்டத்து லயத்திற்குப் பத்திரிகை ஒன்று வந்துவிட்டால், எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து உரக்கப் படிப்பார். மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். இன்றோ அத்தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டிற் குடியேறியவரின் பேத்தி, கைப்பேசியை விரலால் தொட்ட மாத்திரத்தில் சிலப்பதிகாரத்தையும் வரவழைக்கின்றாள். பொன்னியின் செல்வனையும் வரவழைக்கின்றாள். காசு கொடுப்பதில்லை, எவரிடமும் இரந்து நிற்பதுமில்லை. இது மகிழத்தக்க மாறுதலே. ஆயினும் மகிழ்ச்சியோடு விஷயம் முடிந்துவிடுவதாக நமக்குத் தோன்றவில்லை.

இணையத்திலுள்ள நூல்களெல்லாம் மழைபோல் தாமே பொழிந்தன என்று நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அஃதன்று. 1971இல் அமெரிக்க நாட்டில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைப் பல்கலைக்கழகக் கணினியொன்றில் தம் கையாலேயே தட்டெழுதி வைத்தார். கூட்டன்பர்க் திட்டம் என்னும் பெருநூற்களஞ்சியத்திற்கு அதுவே வித்து. தமிழில் அத்தகைய தொண்டு 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்னும் பெயரால் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் அதனை முன்னின்று நடத்தினர். பல நாட்டுத் தமிழர்கள், தத்தம் தொழில் முடித்து வீடு திரும்பிய பின்னர், ஊதியம் ஒரு காசும் இன்றிச் சங்கப் பாட்டையும் நாவலையும் எழுத்தெழுத்தாய்த் தட்டினர். பிறர் அதனை அச்சுப் பிரதியோடு ஒப்புநோக்கிப் பிழை திருத்தினர்.

அக்காலத்து இடர்ப்பாடு இக்காலத்து இளைஞர்க்கு எளிதில் விளங்காது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தோன்றிய காலம் அது. இவ்விடத்தில் நம் மண்ணின் பங்கினைச் சொல்லாது விடுவதற்கில்லை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே தோன்றும்படி உழைத்தவர் சிறுகதை ஆசிரியரான நா. கோவிந்தசாமி. எழுத்துக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழறிஞர் முதன்முதல் கூடிய தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரில் நடந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் என்னும் மென்பொருள் கொண்டு தமிழ் தட்டப் பழகியோர் எண்ணிலர். பின்னர் ஒருங்குறி வந்தது. மதுரைத் திட்டத்தார் தாம் முன்னர் ஏற்றிய நூல்களை மீண்டும் புது முறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செய்த வேலையையே திரும்பவும் செய்வதினும் சலிப்பூட்டும் வேலை வேறுண்டோ? அதனையும் செய்தனர்.

ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நெருப்பின் நினைவு அறாத மக்களிடையே 2005இல் ‘நூலகம்’ என்னும் இணையக் களஞ்சியம் எழுந்தது. நூல்கள் மட்டுமோ? பள்ளி ஆண்டு மலர், ஊர்ச் சங்கத்து அறிக்கை, நின்றுபோன சிற்றிதழ் ஆகியவற்றையும் அவர்கள் ஒளிப்பட நகலெடுத்து வைக்கின்றனர். தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் ஆயுளெல்லாம் திரட்டிய அச்சுநூற் செல்வம், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாய்க் காக்கப்படுகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புக்களை அவற்றின் ஏட்டுருவிலேயே பார்க்கலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களை எவரும் காணத் திறந்து வைத்திருக்கின்றது. நம் தாத்தன்மார் 1930களில் எதற்காகச் சினந்தனர், எதற்காகச் சிரித்தனர் என்பதை அவ்வேடுகளில் அன்றாடக் கணக்குப்போல் படிக்கலாம். மேலும், சிங்கப்பூர் தனிநாடான பின் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த தமிழிலக்கிய நூல்களை, எழுத்தாளரின் இசைவு பெற்று, தன்னார்வத் தொண்டர் வாரியத்தோடு சேர்ந்து 2015இல் இணையத்தில் ஏற்றினர். இசைவு பெற்று என்னும் சொற்களை அன்பர்கள் கருத்திற் கொள்க.

ஏனெனில் இணையத்தில் வேறொரு வகைக் களஞ்சியமும் உண்டு. சென்ற திங்களில் வெளிவந்த நாவலொன்று, முழுவதும் நகலெடுக்கப்பட்டுப் புலனக் குழுக்களில் சுற்றி வருகின்றது. எடுத்தவர் இன்னார் எனத் தெரியவில்லை. எழுதியவரைக் கேட்டாரா என்பதும் தெரியவில்லை. மேற்சொன்ன தொண்டர் ஏற்றிய நூலும் விலையில்லாதது, இதுவும் விலையில்லாதது. படிப்போர் எங்ஙனம் பிரித்தறிவது? நாம் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது: கொடுத்தவர் பெயர் நூலின் முகப்பில் இருக்கின்றதா என்று பார்ப்பது. மதுரைத் திட்டத்து நூல் எதனைத் திறந்தாலும், தட்டெழுதியவர் யார், பிழை திருத்தியவர் யார் என்பது தொடக்கத்திலேயே காணப்படும். இந்நூலை எவரும் தடையின்றிப் பிறர்க்கு அளிக்கலாம், ஆனால் இம்முகப்பை நீக்கலாகாது என்பதே அவர்கள் விதித்துள்ள ஒரே நிபந்தனை. உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது, எந்த ஊரில் யாரிடமிருந்து ஏட்டுச்சுவடி கிடைத்தது என்று முகவுரையிற் குறித்த வழக்கமும் இவ்வகையதே. அளித்தவன் தன் பெயரைச் சொல்ல அஞ்சுவதில்லை, எடுத்தவன் அஞ்சுகின்றான். முகப்பைக் கத்தரித்துவிட்டுத் தம் தளத்தின் பெயரைப் பொறித்துக்கொள்வாரும் உளர். அவரை என்ன பெயரிட்டு அழைப்பதென்று நாம் தயங்கவேண்டியதில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். அது வலிய தடையே. “அறிவைப் பூட்டி வைத்தவர்களை எதிர்த்தல்லவோ நீங்கள் இத்தனை காலமும் பேசினீர்கள்? பிறப்பைக் காட்டி எழுத்தை மறுத்தனர். பிறர் தொடலாகாதென்று ஏடுகளைக் கறையானுக்கு இரையாக்கினர். இன்று எல்லா நூலும் எல்லோர்க்கும் திறக்கும்போது, உரிமை என்றும் இசைவு என்றும் சொல்லிப் புதிய பூட்டொன்றைத் தாங்களே பூட்டலாமோ?” என்பர். இதனை நாம் அலட்சியம் செய்யோம். அறிவு அனைவர்க்கும் உரியதென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பூட்டியவன் யார், பூட்டைத் திறப்பதால் இழப்பவன் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டே தீரவேண்டும். பரம்பரைச் சலுகையால் ஏட்டை மறைத்தவனும், பகலெல்லாம் வேலை செய்து இரவில் எழுதி, கடன் வாங்கி ஐந்நூறு படி அச்சிட்டு, அவற்றைப் பையிற் சுமந்து கூட்டந்தோறும் விற்கும் நம்மூர் எழுத்தாளனும் ஒருவனா? முன்னவன் ஆதிக்கத்தைக் காத்தான். பின்னவன் தன் உழைப்புக்குக் கூலி கேட்கின்றான். பால்வெட்டுக் கூலியில் ஒரு காசு குறைந்தால் கொதித்தெழுந்த மக்களின் வழித்தோன்றல்கள், எழுத்துக் கூலியை மட்டும் பறிக்கத் துணிவது நமக்கு விளங்கவில்லை.

லயத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டதும் இதுவும் ஒன்றே என்பாரும் உண்டு. ஒன்றன்று. அங்கே ஒரு பிரதி ஒரு பிரதியாகவே இருந்தது. அதனைக் கேட்டவர்களிற் சிலர் அடுத்த திங்கள் தாமே சந்தா கட்டினர். இங்கே ஒரு பிரதி ஒரு நொடியில் ஆயிரமாகின்றது. ஆயிரவரில் ஒருவர்க்கும் வாங்கவேண்டிய காரணம் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் சட்டத்தையே அளவாகக் கொள்ளலாமே என்றால், அதிலும் விந்தையொன்று இருக்கின்றது. எழுதியவர் இறந்தபின் பதிப்புரிமை நிற்கும் காலம் மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70. எழுத்தாளர் ஒருவர் 1970இல் இறந்தாரென வைத்துக்கொள்வோம். மலேசியருக்குரிய பொதுவிதிப்படி அவர் நூல் 2021இல் பொதுச் சொத்தாகிவிடும். சிங்கப்பூரராயின் 2041 வரை காத்திருக்க வேண்டும். (அயல்நாட்டு நூல்களுக்குரிய நுணுக்கங்களை வழக்கறிஞர் ஆராய்வாராக.) 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர்ப் பாலத்தின் இக்கரையில் நன்கொடையாவது அக்கரையில் திருட்டாகலாம்! ஒழுக்கம் என்பது பாலம் கடந்தால் மாறுவதொன்றோ? சட்டம் எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும், கிழிக்கின்றது. அக்கோட்டை நாம் மதிப்போம். ஆனால் எழுதியவனை வருத்தாமலும் படிப்பவனை வாட்டாமலும் இருக்கும் வழியைக் கண்டறிவது கோட்டால் மட்டும் ஆகாது. பாரதியார் மறைந்தது 1921இல். அவர் நூலுரிமையைச் சென்னை சர்க்கார் 1949இல் பெற்றுப் பின்னர் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. அதன் பின்னும் பல எழுத்தாளர்களின் குடும்பத்தார்க்குத் தொகை அளித்து அவர்தம் நூல்களைத் தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கி வந்திருக்கின்றது. கூலியும் கொடுக்கப்பட்டது, நூலும் பொதுவாயிற்று. இந்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள், மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு இதனைச் சிறிய அளவிலேனும் செய்துபார்த்தாலென்ன?

இனி, முறையாக அளிக்கப்பட்ட நூலைப் பெறுவோரின் கடன் யாதென்று பார்ப்போம். நாலாயிரம் நூல்களை விரல் நுனியளவான விரலியில் நிரப்பி வைத்திருப்பதாய்ப் பெருமை பேசுவோரை நாம் கண்டிருக்கின்றோம். எத்தனை படித்தீர் என்று கேட்டால் முகம் மாறும். நூலைத் திரட்டுவது நூலைப் படிப்பதாகாது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. படிப்பவரும்கூட, பிழை கண்டால் பேசாது கடந்துவிடுகின்றனர். தட்டெழுதிய நூலில் ணகரமும் னகரமும் மாறிக் கிடக்கலாம். ஓர் அடியே விடுபட்டிருக்கலாம். அதனைக் குறித்து ஏற்றியவர்க்கு இரண்டு வரி எழுதியனுப்பினால், அடுத்துப் படிக்கும் பிள்ளைக்குத் திருத்தமான நூல் கிடைக்கும். பணமில்லாதவரும் செலுத்தக்கூடிய கடன் இது. ஐயத்திற்கிடமான தளமாயின், அதன் இணைப்பைப் பிறர்க்கு அனுப்பாதிருப்பதும் ஒரு கடனே. ஐந்து நிமிடம் தேடினால் அதே நூல் நேரிய களஞ்சியமொன்றில் இருப்பது பெரும்பாலும் தெரியவரும்.

இவற்றினும் பெரிதொன்று உண்டு. தேடுபவர் இக்காலத்தில் இணையத்தில் மட்டுமே தேடுகின்றனர். அங்கே இல்லாதது உலகிலேயே இல்லையென்று முடிவுகட்டுகின்றனர். சங்க நூல் இருக்கின்றது; தமிழ்நாட்டு நாவல் இருக்கின்றது; யாழ்ப்பாணத்துப் பள்ளி மலர் இருக்கின்றது. தோட்டத்துப் பள்ளியின் வெள்ளிவிழா மலர் எங்கே? தொழிற்சங்கம் வெளியிட்ட துண்டுப் பிரசுரம் எங்கே? 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ ஏடுகளின் ஞாயிறு மலர்களை வெட்டி ஒட்டி வைத்த பெரியவர்களின் நோட்டுப் புத்தகங்கள் எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது, தகரப் பெட்டிகளில் வந்தவை சில, வாராதவை பல. வந்தவையும் கட்டிலடியில் நைந்து கிடக்கின்றன. பிறர் பாடுபட்டு ஏற்றிய நூல்களை நாளும் பெற்றுப் படிக்கும் நாம், நம் வீட்டுப் பெட்டியைத் திறவாதிருப்பது கொண்டு கொடாத குணமல்லவா?

திறந்தவுடன் சிக்கலொன்று எதிர்ப்படும். 1980இல் இறந்த தோட்டத்து ஆசிரியர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி, ஒரே பிரதி, கையில் இருக்கின்றதென்க. பதிப்புரிமை 2030 முடியும்வரை நிற்கும். வாரிசுகள் எவ்வூரில் இருக்கின்றனரோ தெரியாது. தோட்டமே இன்று வீட்டுமனையாகிவிட்டது. இசைவு கேட்க ஆளில்லை. கேளாமல் ஏற்றுவது முறையில்லை. கறையானோ சட்டம் படிப்பதில்லை. இத்தகைய நூலை என் செய்வது? முதலில் உடனே நகலெடுத்துக் காத்துவைப்பது. அடுத்து, ஆசிரியர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பத்திரிகையில் வெளியிட்டு, உரியவர் யாரேனும் உளரோ என ஓராண்டு கேட்பது. வந்தால் அவர் சொற்படி நடப்பது. எவரும் வாராவிடில், சட்டமறிந்த நூலகத்தார் ஒருவரிடம் அப்பிரதியையும் நகலையும் ஒப்படைத்து, எழுதியவர் பெயர், கொடுத்தவர் பெயர், கிடைத்த ஊர் ஆகிய மூன்றையும் முகப்பிற் குறித்து வைக்கச் செய்வது; பொதுவில் திறக்கும் நாளை அவர்கள் முடிவு செய்யட்டும். என்றேனும் ஒரு பேரனோ பேத்தியோ தன் தாத்தாவின் பெயரைத் தேடி வருங்கால், அம்முகப்பில் அது கிடைக்கும்.