அழிக்கும் உரிமை யாருக்கு?

கிட் என்பது நிரல் எழுதுகிறவர்களின் கணக்குப் புத்தகம். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் நிற்கும். தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்தத் தைரியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்கிறோம்.

அதே கருவிக்குள் அழிக்கும் கட்டளைகளும் இருக்கின்றன. 'ரீசெட் ஹார்ட்' கொடுத்தால், கமிட் செய்யாமல் வைத்திருந்த திருத்தங்கள் போய்விடும். 'கிளீன்', கிட்டில் இன்னும் சேர்க்காத புதுக் கோப்புகளைத் துடைத்துவிடும். 'ஃபோர்ஸ் புஷ்', பொதுக் களஞ்சியத்தில் மற்றவர்கள் சேர்த்ததைத் தள்ளிவிட்டு நம்முடையதை வைக்கும். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தில் ஒருவர் தவறுதலாகக் கொடுத்த ஃபோர்ஸ் புஷ் 150-க்கும் மேற்பட்ட களஞ்சியங்களைப் பழைய நிலைக்குத் தள்ளியது.

இந்தக் கட்டளைகளை இப்போது ஏஐ ஏஜென்ட் தானே இயக்குகிறது. அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. வேலையை முடிக்கச் சொல்கிறோம். வழியில் ஒரு தடை வந்தால் அதை நீக்குவதும் வேலையில் சேர்த்தி என்று எடுத்துக்கொள்கிறது.

"அதான் அழிக்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டோமே!" என்பார்கள். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரும் சொல்லித்தான் பார்த்தார். எதையும் மாற்றாதே என்று அவர் சொல்லியிருந்தும், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட் அவருடைய தரவுத்தளத்தை அழித்தது. இனி மீட்க முடியாது என்றும் சொன்னது. முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. ஆக, வாய்ச்சொல் பூட்டு ஆகாது. எது மீளும், எது மீளாது என்ற தீர்ப்பையும் அழித்தவரிடமே கேட்கக்கூடாது.

மீட்கும் வழி ஏட்டில் இருப்பது ஒன்று, அதை நடத்த ஆள் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்த்தவை பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். மணல் தெற்கே தேங்கியது; வடக்கே கரை அரித்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. ஆனால் போதிய அளவு நடக்கவில்லை. ஓர் ஊரைக் காக்கத் தூண்டில் வளைவு போட்டால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று ஒவ்வொன்றாக வடக்கே வந்தது. முடிவெடுத்தவர்கள் வேறு, படகை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் நின்றவர்கள் வேறு.

ஃபோர்ஸ் புஷ்ஷின் அறச்சிக்கலும் இதுதான். அழிப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். மனிதராக இருந்தால் நாளைக்கு அந்த இன்னொருவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த நினைப்பே கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். ஏஜென்ட்டுக்கு அப்படி ஒரு நாளை கிடையாது. பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்தில், மீளாததைச் செய்யும் அதிகாரமும் இருக்கக்கூடாது என்பதே என் தரப்பு.

"ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டா அப்புறம் அது எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐம்பது முறை கேட்டால் ஐம்பத்தோராவது முறை படிக்காமலே 'சரி' என்று தட்டிவிடுவோம். அப்புறம் மனிதர் அங்கே இருப்பது பேருக்குத்தான்.

ஆகவே எல்லாவற்றையும் கேட்க வைக்க வேண்டாம். தனிக் கிளை, தனிப் பிரதி கொடுத்து, அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் உடைக்க விடலாம். மெயின் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ்ஷை சர்வரிலேயே மூடிவிட வேண்டும். ஏஜென்ட்டிடம் கொடுக்கும் டோக்கனில் அழிக்கும் உரிமையே இருக்கக்கூடாது. மிஞ்சுகிற ஒன்றிரண்டு காரியங்களுக்கு மட்டும் ஒரு ஆள் வரட்டும். இழக்கப்போகிறவரைக் கேட்டுவிட்டுத் தட்டட்டும். வங்கி லாக்கருக்கும் இரண்டு சாவிதான். மேலாளரைத் திருடர் என்று நினைத்து யாரும் அப்படி வைக்கவில்லை.

கூடவே, எடுத்து வைத்த பிரதியிலிருந்து அவ்வப்போது மீட்டும் பார்க்க வேண்டும். மணலை வடக்கே சேர்ப்போம் என்று திட்டத்தில் எழுதியிருந்ததால் மட்டும் இந்தக் கரை நிற்கவில்லை.