பேசிய வேலையும் பேசாத வேலையும்

2021 ஜூலை 15ஆம் திகதி, டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களோடு உயிர்விட்டாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு வீட்டில் வேலைக்கு இருந்தவள் அவள். 2023 மே மாதத்தில், பதுளையிலிருந்து வந்து கொழும்பில் வீட்டுவேலை செய்த தமிழ்ப் பெண் ஒருவர், நகையைத் திருடினார் என்ற முறைப்பாட்டின் பேரில் பிடிக்கப்பட்டு, வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தார். இரண்டு முறையும் ஊர் கொதித்தது. பதாகை பிடித்தார்கள், அறிக்கை விட்டார்கள். பிறகு எல்லாம் அடங்கிப்போனது.

சாவு நடந்தால் கொதிக்கிற நமக்கு, சாவு நடக்காத நாட்களில் அதே வீடுகளுக்குள் நடப்பது கண்ணில் படுவதில்லை. காலை விடிந்ததும் ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலிருந்து பெண்கள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். பையில் ஒரு சோற்றுப் பார்சல், மடித்து வைத்த ஒரு மாற்றுடுப்பு. பஸ் ஏறிப் போவது வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள மாடி வீடுகளுக்கு. “ரெண்டு பேருக்குச் சமையல், வீடு கூட்டித் துடைக்கிறது, அவ்வளவுதான்” என்று பேசித்தான் சேர்கிறார்கள். இரண்டு மாதம் போனால் பல்கனிக் கண்ணாடி துடைப்பதும் அவர்கள் வேலையாகிறது. மேல்மாடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கும் மீன் வெட்டிக் கொடுக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் பாட்டியைத் தூக்கி உட்கார்த்திப் பம்பஸ் மாற்ற வேண்டும். ஆடிவேலுக்குக் கனடாவிலிருந்து உறவுகள் வந்து இறங்கினால் இரண்டு பேர் சமையல் ஒன்பது பேர் சமையலாகிறது. சம்பளம் மட்டும் முதல் நாள் பேசியதிலேயே நிற்கிறது.

இது அறமா? இல்லை. பேசிய வேலைக்கு மேல் வேலை வாங்குவதும், அதற்குக் கூலி கொடாமல் விடுவதும், மறுக்க முடியாதவளிடம் போய் அதைக் கேட்பதும் அறத்துக்கு மாறானவை. கேட்ட குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

“நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே, கேட்டோம், அவள் செய்தாள்” என்பதுதான் வீட்டுக்காரர்கள் முதலில் சொல்லும் சமாதானம். இந்தச் சமாதானத்தை வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்திலேயே உடைத்து வைத்திருக்கிறார். கோல் ஏந்திய அரசன் குடிகளிடம் ‘கொடு’ என்று கேட்பதும், வேல் ஏந்தி வழிமறிக்கும் கள்வன் ‘போடு’ என்பதும் அவருக்கு ஒன்றுதான். கேட்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. வேலை கொடுத்தவரின் கையில் அடுத்த மாதச் சம்பளம் இருக்கிறது, பிள்ளையின் ரியூஷன் காசுக்கு வாங்கிய முற்பணம் இருக்கிறது, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லும் வாய் இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவள் சொல்லும் ‘சரி மிஸ்’ சம்மதம் ஆகாது.

அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் நெருக்கமாக வருகிறது. நம்மிலும் மெலியவர்மேல் நாம் பாயப்போகும் நேரத்தில், நம்மிலும் வலியவர்முன் நாம் நின்ற நிலையை நினைத்துப் பார் என்கிறது அது. அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்குப் பையைத் தூக்கும்போது மேலாளர் ஒரு கோப்பை மேசையில் வைத்தால் நமக்கு எப்படி எரிகிறது! அந்த எரிச்சலோடு வீடு திரும்பும் நாமே, புறப்பட நின்றவளிடம் “போறதுக்கு முதல் இந்த உடுப்பையும் அயன் பண்ணிவிட்டுப் போங்கோ” என்கிறோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாராட்டுகிறார். அவர்கள் கப்பல் விட்டதையும் பொன் குவித்ததையும் மட்டும் அவர் பாராட்டவில்லை. வாங்கும்போது அளவுக்கு மேல் வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது அளவிற் குறைக்கமாட்டார்கள் என்பதையும் அவர்கள் பெருமையாகச் சொல்கிறார். ஜிந்துப்பிட்டிக்குப் பக்கத்தில்தான் செட்டியார் தெரு இருக்கிறது. அங்கே ஒரு பவுனுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாராவது வெளியே வர முடியுமா? தங்கத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பெண்ணின் உழைப்பை நிறுக்க மட்டும் தராசு கிடைப்பதில்லை.

திருவிளையாடற் புராணத்தில் வைகைக் கரை அடைக்க வந்தி கிழவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆளாக வந்தவர் சிவபெருமான். உதிர்ந்த பிட்டு கூலி என்று பேசிய பிறகே கூடையைத் தலையில் வைத்தார். அவர் முதுகில் பாண்டியன் அடித்த பிரம்படி, அரசன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. கூலியாளின் மேல் விழும் அடி நம் எல்லோர் மேலும் விழுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலில் கும்பிட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போய்வருகிற ஊர் நமது. அந்தோனியார் கோவிலில் வாசிக்கப்படும் விவிலியத்தின் உபாகமம், ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. நபிகள் நாயகமோ, பணியாளர் மேல் அவர்களால் தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்றார். எந்த வாசலில் நின்று கும்பிட்டாலும் கிடைக்கும் கட்டளை ஒன்றுதான்.

பேசாத வேலையில் கூலியை விடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இன்ன வேலையை இன்னார் இன்ன வழியில் முடிப்பார் என்று ஆராய்ந்த பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும் என்கிறது தெரிந்துவினையாடல் அதிகாரம். ஆராயாமல் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனார். பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. வீட்டுவேலைக்கென்று போனவரின் கையில் நாலு மாதக் கைக்குழந்தையையும் கொடுத்தார்கள். குழந்தை பராமரித்த பழக்கம் அவருக்கு இல்லை. புட்டிப்பால் கொடுக்கும்போது புரைக்கேறிவிட்டது என்று அவர் சொன்னார். கொலை என்றது நீதிமன்றம். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. தெரியாத வேலையைத் தலையில் கட்டியவர்கள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. வேலையைச் சுமத்துவது ஒருவர், விளைவைச் சுமப்பது இன்னொருவர் என்பதுதான் பேசாத வேலையின் இயல்பு. முதுகு பிடித்துக்கொள்ளும்வரை பாட்டியைத் தூக்கும் கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்கும், ஏழாம் மாடிச் சன்னலில் ஏறி நிற்பவளுக்கும் இந்த நியதியே பொருந்துகிறது.

ரிசானாவின் உயிர் போன அதே ஜனவரியில், 18ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டது. வீட்டுப் பணியாளரின் கடமைகள் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இன்னொரு வீட்டுக்கு வேலை செய்ய அனுப்பினால் இருவரும் சம்மதித்திருக்க வேண்டும், தனிக் கூலி கொடுக்க வேண்டும், அங்கே ஏதும் நட்டம் நேர்ந்தால் முதல் வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். ஹொங்கொங்கின் ஒப்பந்தப் படிவத்தோடு வேலைப் பட்டியலும் சேர்ந்தே வருகிறது, கார் ஓட்டச் சொல்லக்கூடாது என்ற தடையும் உண்டு. சிங்கப்பூரில் சன்னல் துடைக்கும்போது விழுந்து பலர் இறந்த பிறகு, 2012இல் அந்த வேலைக்கே கட்டுப்பாடு வந்தது.

நம் சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? 1871ஆம் ஆண்டின் வீட்டு வேலைக்காரர் பதிவுச் சட்டம் இருக்கிறது. வேலைக்காரரின் பெயரையும் நடத்தையையும் பதிந்து வைக்கத்தான் வெள்ளைக்காரன் அதைக் கொண்டுவந்தான், அவர்களின் உரிமையைக் காக்க அன்று. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதி வீட்டுவேலையை உள்ளே எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் எடுக்கவில்லை. இன்ன வேலை என்பதைப் பணியாளருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கூறும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம் 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் வீட்டுக்காரரின் மனச்சாட்சி ஒன்றே அவளுக்குக் காவல். அந்தக் காவலும் தூங்கினால் அவள் எங்கே போவாள்?

வீட்டுக்காரர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தனியாக இருக்கும் முதியவர் திடீரென்று விழுந்தால், “அது என் வேலை இல்லை” என்று எந்தப் பெண்ணும் நிற்கமாட்டாள், நிற்கவும் கூடாது. வீட்டுவேலையைத் தொழிற்சாலை வேலைபோல ஒவ்வொன்றாக எழுதி வைக்கவும் முடியாது. ஆபத்துக்கு உதவுவது மனித தர்மம், அது இரு பக்கத்துக்கும் பொது. ஆனால் ஒருநாள் ஆபத்துக்குச் செய்த உதவியை மறுநாளிலிருந்து தினக்கடமையாக்குவதற்கு அந்தத் தர்மம் இடம் கொடுக்கவில்லை.

“அவள் எங்கள் வீட்டில் ஒருத்தி போல” என்பார்கள். அப்படியானால் அவளுக்கு மேசையில் கதிரை உண்டா? வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தை வெட்டுவோமா? வேலை வாங்கும்போது மட்டும் உறவு கொண்டாடிவிட்டு, அலுமாரியில் மோதிரம் காணவில்லை என்றவுடன் பொலிசுக்குத் தொலைபேசி எடுப்பது எந்த ஊர் உறவு? உறவின் உரிமை எதையும் கொடாமல் உறவின் கடமையை மட்டும் கேட்பது வஞ்சனை.

ஆகவே செய்ய வேண்டியதைச் செய்வோம். முதல் நாளே என்னென்ன வேலை, எத்தனை மணிவரை, எத்தனை பேருக்குச் சமையல் என்று பேசி, ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். புதிய வேலை ஒன்று வந்தால் கூலியை முதலில் சொல்லிவிட்டு வேலையைப் பிறகு சொல்வோம். அவள் முடியாது என்றால் முகம் சுளிக்காமல் விடுவோம். உயரத்தில் ஏறுகிற வேலையையும் நோயாளியைப் பார்க்கிற வேலையையும் அதற்குப் பழகியவர்களிடம் கொடுப்போம். விருந்தாளி வந்தால் வந்த நாட்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்போம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். வேலை செய்பவளிடம் எப்படிக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை, நம் சமையலறையில்தான் படிக்கிறார்கள். ஆற்றாது அழுதவர் கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று எச்சரித்தவரின் நூலை அலுமாரியில் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும், இந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுக்கும்போதே அந்தக் கணக்கையும் நேர் செய்யட்டும்.