காவலுக்கும் பசிக்கும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கொல்லைகளில் எலுமிச்சை கொழுந்து விடும். கூடவே பூச்சிகளும் வரும். இலைக்குள் புகுந்து வெள்ளிக்கோடு இழுக்கும் இலைத்துளைப்பான், கிளையில் அப்பிச் சாறு உறிஞ்சும் செதில்பூச்சி, பறவை எச்சமாக வேடமிட்டு இலையில் கிடக்கும் எலுமிச்சைப் புழு. தொட்டால் அந்தப் புழு தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பை நீட்டி நெடி கிளப்பும். எலுமிச்சைக்கு உறவான கறிவேப்பிலையையும் வில்வத்தையும்கூட அது விட்டுவைப்பதில்லை.

"என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் உடனே கேட்கிறோம். ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்ற ஆசை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்த ஆசையின் விலையை ஒரு பழைய கதை சொல்லும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில்பூச்சி 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சூறையாடியது. அதைத் தின்னும் பொறிவண்டைப் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே 1888-இல் ஆஸ்திரேலியாவிலேயே தேடிப் பிடித்து அனுப்பினார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன. 1928-இல் அதே செதில்பூச்சி நீலகிரியின் சீகை மரங்களில் தென்பட்டபோது, அதே வண்டு இங்கும் வரவழைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியத் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தார்கள். வண்டு மடிந்தது. அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடந்த செதில்பூச்சி மறுபடி தலைதூக்கியது.

அத்தனை காலமும் அந்த வண்டு தன் இரையைத் தின்று தீர்த்துவிடவில்லை. தீர்த்திருந்தால் தானும் பட்டினியில் போயிருக்கும். அடுத்து வரும் பூச்சியைத் தடுக்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கொல்லை மரத்துக்கும் இதே கணக்குதான். சின்னக் கன்றில் புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம். மிஞ்சிப்போனால், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். செதில்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் பொறிவண்டை விரட்டும். ஆகவே எறும்பு ஏறும் வழியை அடிமரத்திலேயே மறிக்க வேண்டும். வளர்ந்த மரம் சில இலைகளை இழந்தாலும் காய்க்கும்.

களத்தில் நெல் தூற்றியதும் ஊர்க்காவலுக்கு ஒரு பங்கு அளந்த மண் இது. அந்த நெல்லை நஷ்டக்கணக்கில் யாரும் எழுதியதில்லை. மரத்தில் மிஞ்சும் நாலு பூச்சியும் அப்படியொரு பங்குதான். கொஞ்சம் இழக்கச் சம்மதிக்காதவர், காவலையும் சேர்த்தே இழக்கிறார்.