அறிவுரை கூறியவன் கடன்

நன்னோக்கத்தோடு கூறிய அறிவுரையால் கேடு விளையுமாயின் அப்பழி யாரைச் சாரும்? இவ்வினா என்னை வாட்டத் தொடங்கியது ஒரு மீன்தொட்டியினால்தான்.

இளமை முதலே வண்ணமீன் வளர்ப்பவன் நான். சிங்கப்பூரில் வாழும் என் தங்கையின் மகன் வழி கேட்டபோது, "குழாய் நீரைப் பிடித்து ஓர் இரவு திறந்து வை, மறுநாள் மீனை விடு" என்றேன். என் தந்தையார் எனக்குச் சொன்னதும் அதுவே. ஜொகூரில் எங்கள் வீட்டில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை. ஒரு வாரத்திற்குள் அவனுடைய நான்கு தங்கமீன்களும் மடிந்தன. "மாமா, நான் என்ன தவறு செய்தேன்?" என்று அவன் கேட்டான். தவறு அவனுடையதன்று.

திறந்து வைத்த நீரிலிருந்து குளோரின் அகன்றுவிடும், உண்மையே. ஆனால் சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின். குளோரினும் அமோனியாவும் கூடிய அப்பொருள் ஓர் இரவில் அகலாது. அதற்கென விற்கும் மருந்தை நீரில் கலத்தல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. நுண்ணுயிர்களில் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத்தொட்டியில் அவை பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். என் பழந்தொட்டியின் மணலில் அவை என்றும் குடியிருந்தமையால், அவற்றின் உழைப்பை என் திறமை என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்! அனுபவம் அறிவைத் தருவது போலவே அறியாமையை மறைக்கவும் வல்லது போலும்.

இதனினும் என்னை நாணச் செய்தது வேறு. மீன் விற்ற கடைக்காரர், "தொட்டி வைத்து எத்தனை நாளாயிற்று, தம்பி?" என்று கேட்டிருக்கிறார், மருந்துப் புட்டி ஒன்றையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். வணிகர் பேச்சென்று பையன் தள்ளிவிட்டான். மாமா தலைமையாசிரியர் அல்லவா! கடைக்காரருக்கு விற்பனையில் ஆதாயம் உண்டென ஐயுற்ற நாங்கள், ஆதாயம் தேடாதவன் சொல் பிழையாகாது என்று எப்படி நம்பினோம்? அவர் கேட்ட பின்பே சொன்னார். நானோ எதையும் கேளாமலே சொன்னேன். வகுப்பறையிலும் காரணம் கூறாமல் விதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்த நாள்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இப்பொழுது அவன் தொட்டியில் மீனில்லை. நாள்தோறும் சிறிது தீனியிட்டு, நீரைச் சோதித்துக் காத்திருக்கிறான். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, வடிகட்டியின் பஞ்சைக் கழுவலாமா என்று கேட்டான்.

"எந்த நீரில் கழுவப் போகிறாய்?" என்று கேட்டேன்.