விடுவித்தவன் குற்றமற்றவனா?

தென் கோளத்தில் செப்டம்பர் பிறந்தால் வசந்தம். ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் துறைமுகத்திலிருந்து வடக்கே லிசார்ட் தீவு வரை, பெரும் பவளத்திட்டின் வெளிவிளிம்பில் விளையாட்டு மீன்பிடிப் படகுகள் திரளும் காலம் அது. பவளச் சுவரைத் தாண்டியதும் கடலடி சட்டெனச் சரிந்து ஆழ்ந்துவிடுகிறது. அவ்விடத்தில் இனப்பெருக்கத்திற்காகக் கூடுகின்றன கருப்பு மார்லின் மீன்கள். நம் மீனவர் கொப்பரன் என்று அழைக்கும் இனமே இது. ஈட்டி போன்ற மூக்கும் அரிவாள் போன்ற வாலும் உடைய இம்மீன்களில் பேருருவம் எடுப்பவை யாவும் பெண்மீன்களே. ஆண்மீன்கள் அவற்றின் அருகே சிறுவர்களைப் போலத் தோன்றும். 1966ஆம் ஆண்டு இக்கடலில் 1,064 இராத்தல் எடையுள்ள மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்ட செய்தி பரவியது முதல், உலகெங்கிலுமிருந்து செல்வர்கள் இங்கு வரத் தலைப்பட்டனர்.

அவர்கள் செய்வது இதுதான். முழு மீன் ஒன்றைத் தூண்டில் முள்ளோடு தைத்துப் படகின் பின்னே இழுத்துச் செல்வார்கள். மார்லின் அதை விழுங்கியதும், படகின் பின்தளத்தில் பொருத்திய சுழல் நாற்காலியில் அமர்ந்தவர், தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டிக்கொண்டு போராடுவார். மீன் ஓடினால் நரம்பு ஓடும். மீன் களைத்தால் இவர் சுற்றுவார். ஒரு மணி நேரத்திலும் முடியலாம், அரை நாளும் ஆகலாம். 1939இல் தோன்றிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, போராட்டத்தின்போது தூண்டிற்கோலைப் பிறர் தொடுதல் ஆகாது. மீனுக்கும் மனிதனுக்கும் இடையே நீதியான போட்டி நடைபெற வேண்டுமாம்! அந்த மீன் போட்டிக்குச் சம்மதித்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முற்காலத்தில் பிடித்த மீனைக் கரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வர். 1953இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்பிரட் கிளாசல் பிடித்த 1,560 இராத்தல் மார்லினின் படம் அவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. இன்று வழக்கம் மாறிவிட்டது. மீன் படகருகே வந்ததும் பணியாளர் கையுறையணிந்த கையால் முன்நரம்பைப் பற்றுவார். அடையாளச் சீட்டு ஒன்றை முதுகில் குத்துவார். பின்னர் மீனை விடுவித்துவிடுவார். முள்ளும் மாறியிருக்கிறது. வயிற்றில் சென்று கிழிக்காமல் வாயோரத்தில் மாட்டும் வட்ட முள்ளையே பலர் இப்போது நாடுகின்றனர். ஆஸ்திரேலியா 1998 முதல் வணிக மீனவர் இந்த மார்லினைக் கரைசேர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. விளையாட்டு மீன்பிடிப்போரின் வற்புறுத்தலும் அதற்குக் காரணம் என்பதை மறைத்தல் நேர்மையன்று.

இங்கேதான் அறவினா எழுகிறது. கொல்லாமல் விட்டவனைக் குற்றம் சொல்ல இயலுமா?

எளிதாக விடை சொல்லிவிட முடியாத வினா இது. சுவிட்சர்லாந்து 2008இல் வகுத்த சட்டம், விடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. ஓர் உயிருக்கு வலி தர வேண்டுமாயின் அதற்குத் தக்க காரணம் வேண்டும், உணவு அத்தகைய காரணம், பொழுதுபோக்கு அத்தகையதன்று என்பது அச்சட்டத்தின் உள்ளுணர்வு. ஆகவே ஒரே செயல் கெயின்ஸ் கடலில் பெருந்தன்மை, சூரிச் ஏரியில் குற்றம்! மேலோட்டமாகப் பார்த்தால் விடுவிப்பதே கருணை போலவும், கொன்று உண்பதே கொடுமை போலவும் படும். ஆழ்ந்து நோக்கினால் நிலைமை தலைகீழாகிறது. உண்பதற்காகப் பிடிக்கும் மீனவனுக்கு மீனின் துடிப்பு தவிர்க்க இயலாத ஒரு துயரம். அத்துடிப்பு குறையக் குறைய அவனுக்கு நல்லது. விளையாட்டாளனுக்கோ அத்துடிப்பே வேண்டும். மீன் துடிக்காமல் வந்துவிட்டால் அவன் ஏமாற்றமடைகிறான்.

மீனுக்கு வலி உண்டா என்று குறுக்கிடுவோர் உண்டு. 2003இல் லின் ஸ்னெடன் முதலானோர் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டினர். மூளையின் புறணி இல்லாத உயிர் அதை வலியாக அனுபவிக்க இயலாது என்று மறுப்போரும் இருக்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் களைத்த மீன் எல்லாம் பிழைப்பதில்லை என்பதில் ஐயமில்லை. நெடும்போராட்டத்தில் தசைகளில் அமிலம் தேங்கித் தளர்ந்த மீனைச் சுறா எளிதில் பற்றிவிடும். அதனாலேயே நல்ல படகோட்டிகள் மீனை மெல்ல இழுத்துச் சென்று, செவுள் வழியே நீர் பாயச் செய்து, அது தெளிந்த பின்னரே விடுகின்றனர்.

சிறுவயதில் நாங்கள் தட்டான்பூச்சியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவோம். அன்னையார் கண்டால், "பாவம்டா, அதை ஏன் கட்டின?" என்பார். "விட்டுட்டேம்மா" என்பேன் நான், நூலை அவிழ்த்துக்கொண்டே. அவர் கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பதை உணரப் பல்லாண்டுகள் ஆயின. புனித தோமா அக்குவினாஸ் விலங்குகளிடம் காட்டும் கொடுமையைக் கண்டித்ததற்குக் காரணம், அது மனிதரிடமும் கொடுமை காட்டப் பழக்கிவிடும் என்பதே. அக்காரணம் எனக்குப் போதியதாகத் தோன்றவில்லை. மார்லினை மென்மையாக ஏந்தி உயிர்ப்பிக்கும் அந்தப் பணியாளர் எவரிடமும் கொடுமையாய் நடக்கமாட்டார். ஒருவேளை நம்மில் பலரைவிட இரக்கமுள்ளவராகவே இருப்பார். குறை அவர் மனத்தில் இல்லாவிட்டாலும், மீனுக்கு நேர்ந்தது நேர்ந்ததுதானே?

சுவிஸ் சட்டத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. முட்டையிட வந்த பெருமீனை விட்டுவிட வந்தவனிடம் "கொன்றுவிடு, இல்லையேல் தூண்டிலைத் தொடாதே" என்று சொன்னால், அவன் முதற்பாதியை மட்டும் கேட்டுக்கொள்ளவும் கூடும். கெயின்ஸ் படகுகள் இன்று கரைக்குத் திரும்பிவிட்டால், நாளை அந்த மீனுக்காக வழக்காடப் போகிறவர் யார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என்றாலும், யாரேனும் பயணச்சீட்டும் வாங்கித் தந்து அந்தச் சுழல் நாற்காலியில் அமரச் சொன்னால், நான் அமரமாட்டேன்.