பாவத்தை மன்னிப்பவர் யார்?

கிறித்தவப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயிலும் நம் பேத்தி ஒருநாள் மாலை வீடு திரும்பியதும் ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, அவங்க பாவத்தையெல்லாம் ஏசு மன்னிச்சிடுவாராம். நம்ம பாவத்தை யாரு மன்னிப்பாங்க?" அடுக்களையில் இருந்த மருமகள் உடனே விடையளித்தாள்: "நமக்கு மன்னிப்பெல்லாம் கிடையாது. செஞ்சதை அனுபவிச்சுத்தான் தீரணும்." பொழுது சாயுமுன் உணவை முடிக்க வேண்டிய அவசரத்தில் அப்பேச்சு அத்துடன் நின்றது.

நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வினாவிற்குக் கிடைக்கும் விடை இதுவே. தவறான விடையன்று, நிறைவான விடையுமன்று. நாமும் கிறித்தவ நிறுவனத்தில் பயின்றவரே. ஆசிரியப் பயிற்சி பெற்ற இரண்டாண்டுகளும் கன்னியர் நடத்திய விடுதியில் தங்கியிருந்தோம். சனிக்கிழமை மாலைகளில் உடன் பயின்ற பெண்கள் முக்காடிட்டுப் பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நிற்பர். உள்ளே செல்லும்போது கண்ட முகம் வேறு. திரும்பும்போது கண்ட முகம் வேறு. அம்மாற்றம் நடிப்பன்று என்பதை அன்றே உணர்ந்தோம். எதனால் நிகழ்ந்தது என்பதைத்தான் இன்றளவும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கொள்கையை மறுக்குமுன் அக்கொள்கையினரே ஒப்பும் வண்ணம் அதனை எடுத்துரைத்தல் நம் தருக்க நூலார் மரபு. கிறித்தவம் பாவம் என்று எதனைக் கூறுகிறது? புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' என்னும் சொல்லிற்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். செய்த தீச்செயல்களின் பட்டியல் மட்டுமன்று பாவம். இறைவனை நோக்கியிருக்க வேண்டிய உள்ளம் திசைமாறிக் கிடக்கும் நிலையும் பாவமே. நன்மையை விரும்பியும் தீமையே தம்மால் செய்யப்படுவதைப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய மடலில் எண்ணி வருந்துகிறார். நம் நூல்கள் சாரித்திர மோகனீயம் எனப் பெயரிட்ட வினையின் வேலையை, தம் அனுபவமாக, இதைவிடத் தெளிவாக ஒருவர் கூறுதல் அரிது.

கி.பி. 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகஸ்தீனார், தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூலில் ஒரு சிறு திருட்டைப் பற்றி நீளப் பேசுகிறார். பதினாறு வயதில் நண்பர்களுடன் கூடி அயலார் மரத்துப் பேரிக்காய்களைப் பறித்தார். பசியில்லை, அவற்றினும் நல்ல பழங்கள் அவரிடமே இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். பின் எதற்காகத் திருடினோம் என்று தம்மையே கேட்டு, திருட்டின் சுவைக்காகவே திருடினோம் என்று நடுங்குகிறார். சில பேரிக்காய்களுக்கு இத்துணைக் கலக்கமா என்று நகைப்பவர் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு நகைப்பு எழவில்லை. எறும்புப் புற்றை வேண்டுமென்றே மிதித்துவிட்டு ஓடும் சிறுவனின் முகத்தில் அச்சுவையைக் கண்டிருக்கிறோம்.

அகஸ்தீனார் இதிலிருந்து கடுமையான முடிவிற்கு வந்தார். ஆதாமின் குற்றம் மனித குலம் முழுவதையும் பற்றியது. பிறந்த குழந்தையும் அதற்கு விலக்கன்று. இறையருள் இன்றித் தன் முயற்சியால் மனிதன் எழ இயலான். பிரித்தானியத்திலிருந்து உரோமிற்கு வந்த பெலாஜியுஸ் என்னும் துறவி இதனை எதிர்த்தார். தீமையை விலக்கும் ஆற்றல் மனிதனிடமே உண்டு. இல்லையெனில் அறம் செய்க என்று கட்டளையிடுவதற்குப் பொருளில்லை என்பது அவர் வாதம். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் பேரவை பெலாஜியுஸின் கொள்கையைத் தள்ளியது.

நம்மவர் இதனைப் படித்தால் உடனே பெலாஜியுஸின் பக்கம் போய் நிற்பர். சற்றுப் பொறுக்க வேண்டும். உயிர் மாசற்றதாய் இவ்வுலகில் பிறக்கிறதென்று நாமும் கூறுவதில்லையே! அநாதி காலமாக வினைக்கட்டுடனும் மித்தியாத்துவத்துடனும் சுழல்கிறது என்றல்லவா கூறுகிறோம்! தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் பெருஞ்சுமையுடன் வந்ததே. வேறுபாடு ஒன்றுதான்: அச்சுமை பாட்டன் தேடிவைத்த கடனன்று, அவ்வுயிர் தானே தேடிக்கொண்டது. (ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைகள் பற்றிய அகஸ்தீனாரின் கடுமையைக் கத்தோலிக்கத் திருச்சபையே இன்று வற்புறுத்துவதில்லை. 1992-இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல் அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது.)

இனி மீட்பு. காண்டர்பரிப் பேராயர் அன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் பாவத்தைக் கடனாகக் கண்டார். கடன்பட்டவன் மனிதன், ஆகவே மனிதன் செலுத்த வேண்டும். கடனோ அளவிறந்தது, இறைவனன்றி எவராலும் செலுத்த முடியாது. எனவே இறைவனே மனிதனாகி வந்து செலுத்தினார் என்பது அவர் விளக்கம். அவருக்கு அடுத்த தலைமுறையினரான அபெலார் என்பார் வேறு வழியில் சிந்தித்தார்: சிலுவையில் வெளிப்பட்ட அன்பைக் காணும் நெஞ்சு உருகித் திருந்துகிறது, அதுவே மீட்பு. அருகன் திருவுருவைக் கண்டு உள்ளம் நெகிழும்போது வினையும் நெகிழ்கிறது என்னும் நமக்கு அபெலாரின் கருத்து அண்மையது. அன்செல்மின் கருத்து சேய்மையது. தம்பிபட்ட கடனை அண்ணன் அடைக்கலாம். ஆனால் வினையைக் கடனாக மட்டும் நம் முன்னோர் காணவில்லை. எண்ணெய் பூசிய உடலில் புழுதி ஒட்டுவதுபோல, கஷாயத்தால் பிசுபிசுத்த உயிரில் வினை ஒட்டுகிறது என்றனர். புழுதி படிந்தவன்தான் குளிக்க வேண்டும். அவனுக்காக அண்ணன் குளித்துப் பயனில்லை.

மன்னிப்பு இலவசமாகக் கிடைப்பின் பாவம் பெருகாதோ என்று நம்மவர் கேட்பதுண்டு. இக்கேள்வியைக் கிறித்தவரே நம்மினும் கடுமையாகக் கேட்டுள்ளனர். ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர், மனந்திருந்தாமலே பெற்றுக்கொள்ளும் மன்னிப்பை மலிவான அருள் என்று 1937-இல் வெளியான நூலில் இடித்துரைத்தார். இட்லரின் ஆட்சியை எதிர்த்தமைக்காக 1945-இல் தூக்கிலிடப்பட்டார். அவரிடம் போய் உங்கள் சமயம் எளிதானது என்று கூற நமக்கு நாவெழாது.

லூக்காவின் நற்செய்தியில் இரு கதைகள் உண்டு. ஏசுவின் அருகே சிலுவையில் தொங்கிய குற்றவாளி ஒருவன் இறுதி வேளையில் அவரை நம்பினான். அன்றே பேரின்ப வீட்டில் இடமுண்டென்ற உறுதியைப் பெற்றான். மற்றவன் சகேயு, வரி தண்டுவோர் தலைவன். ஏசு அவன் இல்லத்திற்கு விருந்தினராகச் சென்றார். அவன் எழுந்து, உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காக உரியவர்க்கும் தருவதாகக் கூறினான். மீட்பு அவ்வில்லத்திற்கு வந்ததென்று ஏசு அறிவித்தது அதன் பின்னரே. முதற்கதையைக் கேட்கும் நம் வீட்டு முதியோர் முகஞ்சுளிப்பர். அவர்கட்கு அஞ்சன சோரனை நினைவூட்ட விரும்புகிறோம். கீழே நட்டுவைத்த படைக்கலங்களைக் கண்டு வேறொருவன் கயிற்றை அறுக்கத் தயங்கி நின்றபோது, நமஸ்கார மந்திரத்தைச் செம்மையாக ஓதவும் அறியாத அத்திருடன் ஐயமின்றி அறுத்தான், வித்தை கைகூடிற்று. சமந்தபத்திரர் நற்காட்சியின் முதல் உறுப்பிற்கு எடுத்துக்காட்டாக ஒரு திருடனையன்றோ நிறுத்தினார்! ஆயினும் அஞ்சனன் கதை அங்கே முடியவில்லை. துறவு பூண்டு, தவமியற்றிய பின்னரே வீடடைந்தான். சிலுவையில் தொங்கியவனுக்கு அதற்கு நேரமில்லை. அவனால் இழப்புற்றவர் யாரேனும் அன்று கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன நினைத்திருப்பர் என்று நாம் எண்ணியதுண்டு.

நிலைவாழ்வு பற்றிச் சுருங்கச் சொல்லலாம். யோவானின் நற்செய்தி அதனை இறைவனை அறிதல் என்கிறது. சாவிற்குப் பின்னன்றி இங்கேயே தொடங்குவது அது. அறிவே வீட்டின் இயல்பென்னும் நமக்கு இது உவப்பானது. ஆனால் அவர்களுக்கு அது ஒருவரோடு உறவு கொண்டு வாழ்தல். நமக்கு எவரையும் சாராத தனிமை. இதில் இணக்கம் காண முயல்வது வீண்.

நம் மனத்தை அரித்தது வேறு. நாம் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் எட்டாம் வகுப்பில் சுற்றுலாவிற்குத் திரட்டிய 42 ரூபாய் காணாமற்போயிற்று. ஏழைச் சிறுமி ஒருத்தியின் மீது ஐயுற்று, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் திருடி என்னும் பெயர் அவளுக்கு நிலைத்தது. மூன்று நாட்களில் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். ஐந்தாம் நாள், நம் மதிப்பெண் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அப்பணம் இருந்தது, வைத்தவர் நாமே. இதனை வகுப்பில் நாம் சொல்லவில்லை. அக்காலத்தில் பெண்பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்துவது வழக்கம்தானே, அவளும் எப்படியும் நின்றிருப்பாள் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஐயுற்றது அறியாமை. மறைத்தது மானமும் மாயையும். கஷாயம் நான்கனுள் இரண்டினை ஒரே நாளில் வளர்த்தோம்.

ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டினோம். எல்லா உயிர்களிடமும் வேண்டுவது எளிது. அவற்றுள் ஓருயிரின் முகவரியை மட்டும் நாம் தேடவில்லை.

ஓய்வு பெற்ற பின், பயிற்சிக் காலத்துத் தோழியிடம் தொலைபேசியில் முதன்முறையாக இதனைச் சொன்னோம். அவள் கத்தோலிக்கப் பெண். ஆசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவள். "அதைச் சிலுவையடியில வச்சிடு. நான் உனக்காக மன்றாடறேன்" என்றாள். நாம் சற்றுக் கடுமையாகவே, "திருடின்னு பேரு வாங்கினது உங்க ஏசு இல்லையே, அந்தப் பொண்ணுதானே!" என்றோம். அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளே அழைத்து, மலைப்பொழிவில் ஓரிடத்தைச் சொன்னாள். காணிக்கையுடன் பீடத்தருகே நிற்பவனுக்கு, தன்மேல் ஒருவன் மனத்தாங்கலுடன் இருப்பது நினைவிற்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டுமாம். "நீ சொன்னது சரிதான். போய்ப் பாரு" என்றாள்.

பழைய மாணவியர் வழியாக விசாரித்து, ஆரணி அருகே ஒரு சிற்றூரில் அவரைக் கண்டோம். வாயிலில் தையல் இயந்திரம் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். "ஞாபகம் இருக்கா அம்மா?" என்று தொடங்கினோம். "நாப்பத்திரண்டு ரூபா" என்றார். நடந்ததை முழுதும் சொன்னோம். தைத்த துணியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். "நான் எடுக்கலைன்னு எங்கப்பா கடைசிவரைக்கும் நம்பவே இல்ல டீச்சர்" என்றார். தந்தை இறந்து பல்லாண்டுகள் ஆயின. அவரிடம் சென்று உண்மையைச் சொல்ல இனி எவராலும் இயலாது. நான்கு மடங்காகத் திருப்பித் தரச் சகேயுவிடம் பொருள் இருந்தது. நம் கையில் ஒன்றுமில்லை.

தோழிக்கு இதனைத் தெரிவித்தபோது, "இத்தனை வருஷம் போகாத உன்னை அங்க கூட்டிட்டுப் போனது யாருன்னு நினைக்கறே?" என்றாள். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் அகஸ்தீனார் பெலாஜியுஸிடம் கேட்ட கேள்வியே அது. நல்லுரை பிறர் வாயிலாக வந்து செவியில் விழுதலை எங்கள் நூல்கள் தேசனாலப்தி என்னும். உரைத்தவள் நீ, நடந்தவர் நாம் என்று விடையிறுத்தோம். அவள் ஏற்கவில்லை. அரைமணி நேரம் வழக்காடினோம்.

பேத்தியிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பாட்டி அப்படிச் செய்தாள் என்பதை நம்ப அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு, "அவங்க மன்னிச்சாங்களா பாட்டி?" என்று கேட்டாள்.

மோர் கொடுத்தார், பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்தார் என்றோம்.