திருப்பி அனுப்பும் கை

2022 ஜூலையில் மத்திய வணிக அமைச்சகம் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. எண் 43ஏ. மண்டலத்தில் இருக்கும் நிறுவனம் தன் ஊழியர்களில் பாதிப் பேர் வரை, ஓராண்டு வரை, வீட்டிலிருந்தே வேலை செய்ய விடலாம் என்று அது சொன்னது. அதற்கான கருவியையும் பாதுகாப்பான இணைய இணைப்பையும் நிறுவனமே தர வேண்டும் என்றது. முதல் ஊரடங்கு வந்து இரண்டரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் மென்பொருள் ஊழியரின் வீட்டு மேசை அரசிதழில் ஏறிவிட்டது.

திருப்பூரில் வேலை வீட்டுக்குப் போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. அதற்கென்று யாரும் விதி எழுதவில்லை.

வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம் பக்கத்துச் சந்துகளில் காலை பத்து மணிக்கு மேல் நடந்தால் அந்த வேலையைப் பார்க்கலாம். லைன் வீடுகளின் வாசற்படியில் பழைய சேலையை விரித்து, மேலே பனியன்களைக் குவித்து வைத்திருப்பார்கள். டிவிஎஸ் வண்டியில் வந்த பையன் கட்டுகளை இறக்கிவிட்டு, எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, அடுத்த சந்துக்குப் போயிருப்பான். விரலிடுக்கில் பிடிக்கிற சின்னக் கத்தரிதான் மொத்தக் கருவியும். பனியனை உட்புறம் திருப்பி, தோள் மூட்டில் ஒரு வெட்டு, அக்குளில் ஒன்று, கை மடிப்பில், அடி மடிப்பில், கழுத்துப் பட்டைக்குள் லேபிள் தைத்த இடத்தில். பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகள் எல்லாம் போன பிறகு மறுபடி புறம் திருப்பி, நீவி, அடுக்கில் வைக்க வேண்டும். கூலி ஒரு உருப்படிக்கு இத்தனை பைசா. வெள்ளைத் துணி வந்த நாளில் கையைக் கழுவாமல் குழந்தைக்கு ஒரு முறுக்குகூட எடுத்துக் கொடுக்க முடியாது. விரல் படிந்தால் உருப்படி போச்சு.

கம்பெனிக்கே செக்கிங் வேலைக்குப் போகலாமே என்று அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். “கூப்பிடத்தானுங்க செய்யறாங்க. ஒன்றரை ஷிப்டு நின்னுட்டு வந்தா புள்ளைய ஆரு பாத்துக்குவா? இதுன்னா கை வேலையில இருக்கும், கண்ணு புள்ள மேல இருக்கும்” என்றார்.

அந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். சென்னையில், கோவையில், பெங்களூரில் அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொன்னபோது எத்தனையோ பொறியாளர்கள் சொன்ன பதிலும் இதுதான். வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதுமா, இரண்டு நாளா என்று நிறுவனங்களோடு அவர்கள் இன்றும் பேரம் பேசிக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். குழந்தை, வயதான பெற்றோர், பயணத்தில் கரையும் இரண்டு மணி நேரம் எல்லாம் இரு தரப்புக்கும் பொது. வேலையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தவற்றில்தான் இரு வீடுகளும் வேறுபடுகின்றன. பொறியாளர் வீட்டுக்கு மடிக்கணினி வந்தது. மாதச் சம்பளமும் விடுப்பும் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் கூடவே வந்தன. வாசற்படிக்கு வந்தது துணி மட்டும். கத்தரி அந்தப் பெண் வாங்கியது. இருட்டினால் எரியும் விளக்குக்கு அவர்தான் கட்டணம் கட்டுகிறார். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து நூல் வெட்டும் மகளின் நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர்கள் நின்றதைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. கம்பெனியில் ஆளைக் குறைத்தால் செய்தி வரும், சங்கம் பேசும். சந்துக்குள் வண்டி வராமல் போவது யார் கண்ணிலும் படாது. அங்கே வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

வேலை எப்படி வாசற்படிக்கு வந்தது என்பதற்கு ஊரின் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தையும் அதற்குப் பின் வந்த மாற்றங்களையும் ஆய்வாளர் ஷரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். ஏற்றுமதி பெருகப் பெருக, ஒரே கூரைக்குள் நடந்த வேலை துண்டு துண்டானது. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பேக்டிங் ஒருவர், பவர் டேபிள் ஒருவர், எம்பிராய்டரி ஒருவர் என்று ஜாப் ஒர்க்கில் ஊரே ஒரு கம்பெனியாகப் பரவியது. இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது. நாலு மெஷினைப் போட்டு, நேற்றுவரை டெய்லராக இருந்தவர் முதலாளியாக முடிந்தது இந்தத் துண்டாடலால்தான். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊராகத் திருப்பூர் வளர்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நம் தொழிலாளர் சட்டங்கள் கூரையைப் பார்த்து எழுதப்பட்டவை. கூரைக்குக் கீழே எத்தனை தலை என்று எண்ணித்தான் அவை தொடங்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்துக்கு மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர். ஈ.எஸ்.ஐ.க்குப் பத்து. பி.எஃப்.க்கு இருபது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் தொழிற்சாலைக்கான பத்து இருபதாகிவிட்டது. வேலையைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு கூரையின் கீழும் தலை குறைந்தது. குறைந்த அளவுக்குச் சட்டமும் விலகி நின்றது. பிசிறு வெட்டுவதற்கு மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம் என்பதால் அது கூரையைவிட்டே வெளியேறி வாசற்படியில் வந்து உட்கார்ந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்வதில் இன்னொன்றும் போய்விடுகிறது. கம்பெனித் தெருவில் டீ நேரம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். மணி அடித்ததும் கேட்டைத் திறந்துகொண்டு கூட்டம் தெருவுக்கு வரும். கடை வாசலில் பன், வடை, கண்ணாடி கிளாஸில் டீ. உங்க கம்பெனியில் பேட்லாக் தையலுக்கு என்ன கொடுக்கிறான், இந்த ஸ்டைலுக்கு டஜன் என்ன ரேட், சனிக்கிழமை சம்பளம் சரியாகப் போட்டானா என்று அந்தப் பத்து நிமிடத்தில்தான் கேட்டுக்கொள்வார்கள். உழைப்பின் விலை ஊருக்குத் தெரிவது அங்கேதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், கைமடி, டேமேஜ் என்று வகை வகையாக ரேட் இருக்கிறது என்றால், அதன் பின்னால் இப்படிக் கூடி நின்று பேசிய எத்தனையோ டீ நேரங்கள் இருக்கின்றன. வாசற்படியில் இருப்பவருக்கு அந்தத் தெரு இல்லை. அடுத்த சந்தில் அதே பனியனுக்கு என்ன கூலி என்பதுகூடத் தெரியாமல் அவர் வெட்டிக்கொண்டிருக்கிறார். திரைக்கு முன் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கும் மெல்ல மெல்ல இதுதான் நடக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம், அவருக்குக் கிடைத்த உயர்வு, அவர் வாங்கிய திட்டு எல்லாமே வேலையைப் பற்றிய அறிவு. நாற்காலியே இல்லாதபோது அந்த அறிவு எங்கிருந்து வரும்?

வீடு தனியிடம், அங்கே சட்டம் நுழைய முடியாது என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை, காரணம் இருக்கிறது. கைத்தறி நெசவாளர் வீட்டுக்குள்தான் தறி போட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் 300 ஆக உயர்த்தியது. அந்த வீடு ஒரு வேலைத்தலம் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் வீட்டுத் திண்ணையில்தான் பீடி சுற்றுகிறார்கள். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலை வாங்கிப்போய் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே எழுதியது. பீடிக் கம்பெனிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 1974இல் சட்டம் நிலைத்தது. வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. பெரிய தொழில், வலுவான முதலாளிகள், சிதறிக் கிடந்த பெண்கள். அப்படியிருந்தும் முடிந்தது.

இவற்றையெல்லாம்விடத் திருப்பூர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு 1973இல் வந்தது. ‘சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ்’ என்ற தையல் கடையின் வழக்கு அது. டெய்லர்களுக்குப் பீஸ் ரேட்தான். குறிப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; சில சமயம் துணியை வீட்டுக்குக் கொண்டுபோயும் தைத்தார்கள். இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்றது கடை. நீதிபதி மாத்யூ அதை ஏற்கவில்லை. தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு இருந்ததை அவர் கட்டுப்பாட்டின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அந்த உரிமை இருக்கும்போது, எப்போது வந்தார், எங்கே உட்கார்ந்து தைத்தார் என்பதை வைத்து உறவை மறுக்க முடியாமல் போயிற்று.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் பார்க்கிறேன். மாலையில் அதே டிவிஎஸ் வண்டி வருகிறது. காலையில் கொடுத்த கட்டில் இருபது உருப்படி ‘ஆல்டர்’, அதாவது திருத்த வேண்டியவை என்று திரும்பி வந்திருக்கிறது. லேபிள் ஓரத்தில் நூல் நிற்கிறதாம், ஒன்றில் கத்தரி பட்டு ஓட்டை விழுந்திருக்கிறதாம். அந்தப் பெண் பேசாமல் வாங்கி மறுபடி உட்கார்கிறார். ஓட்டை விழுந்ததற்குக் கூலியில் பிடித்தம். இந்தச் சரியில்லை என்ற சொல் எங்கிருந்து கிளம்பியது? ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து வாங்கும் நிறுவனத்தின் தர விதியிலிருந்து ஏற்றுமதியாளருக்கு, அங்கிருந்து ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு, அங்கிருந்து ஜாப் ஒர்க்காரருக்கு, பிறகு ஏஜென்ட்டுக்கு, கடைசியில் வாசற்படிக்கு. ஆயிரக்கணக்கான மைல், ஐந்தாறு கை. இத்தனை தூரத்தையும் கடந்து வந்த பிறகும் திருப்பி அனுப்பும் அதிகாரம் துளியும் தேயவில்லை. பொறுப்பு மட்டும் முதல் கையிலேயே நின்றுவிட்டது. நடுவில் தூரம் அதிகம், ஆள் தெரியாது என்பதுதான் அதற்குச் சொல்லும் காரணம். அதிகாரம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் பொறுப்பும் போயாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை, பாதி வீடு பாதி அலுவலகம் என்று இன்று உலகம் பேசும் எல்லாவற்றுக்கும் இதைத்தான் உரைகல்லாக வைப்பேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

இந்த உரைகல் மென்பொருள்காரருக்கும் நாளைக்கு வேண்டியிருக்கும். திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சண்டைசர்கள் ஏற்கெனவே பாதி நாளைத் திரையில் கழிக்கிறார்கள். சாம்பிளைக் காணொளியில் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள்; ஐரோப்பாவின் பகல் முடியும்வரை வீட்டிலும் போன் ஓயாது. வீட்டுக்குப் போன வேலையை ஒப்பந்த வேலையாக்குவதும், ஒப்பந்த வேலையைத் துண்டாக்கி உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுப்பதும் எளிது. திருப்பூர் நடந்து முடித்த வழி அது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, முதலாளியின் இடத்துக்கு வெளியே தன் வீட்டிலிருந்து பொருளோ சேவையோ செய்து தருபவரை வீடுசார் தொழிலாளி என்கிறது. வாசற்படியும் மடிக்கணினியும் ஒரே வரிக்குள் வந்துவிடக்கூடும். ஆனால் அவரை அது அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில்தான் நிறுத்துகிறது. பதிவு செய்துகொள், நலத்திட்டம் வரும் என்கிற பாதை. வேலை கொடுத்தவர் பக்கம் திரும்புவது குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் மற்றத் தொழிலாளிக்குச் சமம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை, இந்தியாவின் பெண் தொழிலாளர் சங்கமான சேவாவும் அதை நிறுவிய எலா பட்டும் பெரிதும் பாடுபட்டு 1996இல் வந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

சட்டம் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டோடு ஒரு சீட்டு வரட்டும்: எந்தக் கம்பெனியின் சரக்கு, எத்தனை உருப்படி, என்ன ரேட், எத்தனை திரும்பியது. பீடி சுற்றும் பெண்ணிடம் கணக்குப் புத்தகம் இருக்கும்போது பனியனுக்கு முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியின்படி துணிமணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது; சட்டையின் நூல் எது, அது எங்கிருந்து வந்தது என்று தடம்பிடிக்கும் வேலையில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இப்போதே இறங்கியிருக்கிறார்கள். பஞ்சின் தடத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்து எட்டாத தூரமா? அடுத்த சம்பள ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது கைமடிக்கும் டேமேஜுக்கும் கீழே இன்னொரு வகையையும் எழுதச் சொல்லிச் சங்கங்கள் கேட்க வேண்டும்: வீட்டில் பிசிறு வெட்டுபவர், உருப்படிக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு, தீபாவளிக்குப் போனஸ் இவ்வளவு.